"நான் எழுதினதை யாரோ அழிச்சிட்டாங்க அண்ணே": விக்கிப்பீடியாவில் முதல் திருத்தம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பனிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, விக்கிப்பீடியாவுல பாம்பன் பாலத்தோட நீளம் தப்பா இருந்துச்சு. சரி பண்ணினேன். பத்து நிமிசத்துல யாரோ அழிச்சிட்டாங்க. இந்தப் பாலத்தைப் பார்த்தே வளந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

என்ன போட்டாய் என்று கேட்டேன். 2.3 கிலோமீட்டர் என்றான். அவன் சொன்ன நீளம் சரிதான், பாலம்தான் வேறு. அது 1988இல் திறந்த சாலைப்பாலத்தின் நீளம். அவன் கை வைத்தது 1914இல் திறந்த ரயில் பாலத்தின் கட்டுரையில். அதன் நீளம் 2.06 கிலோமீட்டர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியவை, பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். போதாக்குறைக்கு 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் மூன்றாவதாக வந்து சேர்ந்துவிட்டது.

மண்டபம் ஊரில் உட்கார்ந்துகொண்டு சில வருடங்களாக இந்த மாதிரி கேள்விகளுக்குப் பதில் சொல்லிவருகிறேன். அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

படி 1: சரியான பக்கத்தில்தான் நிற்கிறீர்களா?

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். போனில் தேடும்போது சில சமயம் ஆங்கிலக் கட்டுரையை உலாவியே தமிழாக்கிக் காட்டிவிடும். பார்க்கத் தமிழ் விக்கிப்பீடியா மாதிரியே இருக்கும். "தமிழ் ரொம்ப மோசமா இருக்கு, திருத்தணும்" என்று வருகிறவர்களில் சிலர் பார்த்தது அந்த இயந்திரத் தமிழைத்தான். பக்கத்தின் மேலே உள்ள மொழிப் பட்டியலில் 'தமிழ்' இருந்தால் அதைத் தொட்டு உள்ளே போங்கள். அங்கே இருப்பதுதான் மனிதர்கள் எழுதிய கட்டுரை.

படி 2: கணக்கு

இரண்டு நிமிட வேலை. ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் போதும், படகின் பெயரை வைத்தாலும் சரி. கடையின் பெயர், சங்கத்தின் பெயர் வேண்டாம், விளம்பரம் என்று நினைப்பார்கள். மின்னஞ்சல் கேட்கிற இடத்தைக் காலியாக விடாதீர்கள். கடவுச்சொல் மறந்துபோனால் கணக்கை மீட்க அது ஒன்றுதான் வழி.

படி 3: மணல்தொட்டி

உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'மணல்தொட்டி' என்று ஒரு இணைப்பு இருக்கும். போனில் என்றால் பட்டியைத் திறந்து தேட வேண்டும். கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஈர மணலில் எழுதிப் பார்க்கிற மாதிரிதான், அலை வந்து அழித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நாலு வரி எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரட்டைச் சதுர அடைப்பு போடுங்கள், [[மண்டபம்]] என்று. சேமித்ததும் அது இணைப்பாக மாறும். நீலமாக வந்தால் அந்தப் பெயரில் பக்கம் இருக்கிறது, சிவப்பாக வந்தால் இல்லை.

போனில் தமிழ் எப்படி அடிப்பது என்று யாரும் கேட்பதில்லை. கணினியில் அடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: தட்டச்சு மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எழுதும் பெட்டிக்குள் சொடுக்கினால் ஓரத்தில் ஒரு விசைப்பலகைப் படம் தோன்றும். அதில் தமிழ் 99ஐயோ எழுத்துப்பெயர்ப்பையோ தேர்ந்துகொள்ளலாம்.

படி 4: முதல் திருத்தம், சின்னதாக

புதுக் கட்டுரையில் தொடங்காதீர்கள். ஆசை இருக்கும், தெரியும். ஏற்கெனவே இருக்கிற கட்டுரையில் ஒரு வாக்கியத்தைச் சரி செய்யுங்கள்.

நம் கரையில் இதற்கு வேலை நிறைய உண்டு. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. ஆனால் "இப்பாலத்தின் வழியே ரயில்கள் செல்கின்றன" என்கிற மாதிரி வாக்கியங்கள் ஏதாவது ஒரு கட்டுரையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இந்தியாவின் மிக நீளமான கடற்பாலம்" என்பதும் அப்படித்தான். மும்பையில் பாந்த்ரா-வொர்லி பாலம் வந்ததோடு அந்தப் பட்டம் போய்விட்டது. இப்படி நாள்பட்ட வாக்கியம் ஒன்றைப் பிடியுங்கள்.

'தொகு' என்பதைத் தொடுங்கள். போனில் பென்சில் படம் இருக்கும். 'செல்கின்றன' என்பதைச் 'சென்றன' என்று மாற்றி, எதுவரை என்பதையும் சேருங்கள். சேமிப்பதற்கு முன் கீழே ஒரு சின்னப் பெட்டி, என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும். அதுதான் தொகுப்புச் சுருக்கம். புதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரே வரி போதும்: "பழைய பாலத்தில் 2022 டிசம்பர் முதல் ரயில் இல்லை, காலத்தை மாற்றினேன்." இந்த வரி இருந்தால், கண்காணிக்கிறவர் உங்களை விஷமி என்று நினைக்க மாட்டார். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் நினைக்கத்தான் செய்வார். பாம்பன் தம்பி செய்தது அதுதான்.

படி 5: சான்று

இங்கேதான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பாம்பனில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண். அப்பா கடல் தொழில் செய்கிறவர். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்று சொன்னால் முடிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். தொழில் எந்தப் பக்கம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். இதையெல்லாம் அந்தப் பெண் அழகாக ஒரு பத்தி எழுதிச் சேர்த்தாள். மறுநாள் பத்திக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று தொங்கியது. "எங்கப்பா நாப்பது வருசமா கடலுக்குப் போறாரு அண்ணே, அதைவிட என்ன சான்று?"

நியாயமான கேள்வி. ஆனால் சென்னையிலோ மட்டக்களப்பிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அவள் அப்பாவைத் தெரியாது. அந்தப் பத்தியை எழுதியது ஒரு மீனவர் மகளா, பொழுதுபோகாமல் கதை விடுகிற ஆளா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. படிக்கிறவர் தானே போய்ச் சரிபார்க்கக்கூடிய இடம் ஒன்றைக் காட்ட வேண்டும். இதற்கு அங்கே 'மெய்யறிதன்மை' என்று பெயர். பெயர் பயமுறுத்தும், விஷயம் இவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. அப்பாவின் அறிவிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அவர் கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து வருவது என்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருவது என்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. அகராதி இப்படிச் சொல்கிறது என்று எழுதி, அகராதியைச் சுட்டினால் போதும். ஊர் வழக்கு வேறு என்று அச்சில் யாராவது எழுதியிருந்தால் அதையும் பக்கத்தில் வைக்கலாம்.

சான்று எங்கே கிடைக்கும்? நம் பகுதிக்குக் குறைவே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியதே மண்டபம் முகாமில்தான். 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது, ஆனால் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா மீன்பிடி பற்றி அவர்கள் எழுதிய பழைய கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும், பரவாயில்லை, தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலச் சான்று தரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் உண்டு. மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்), நாளிதழ்கள், அரசின் அறிவிப்புகள் எல்லாமே செல்லும். வாட்ஸாப்பில் சுற்றுவது, முகநூல் பதிவு, பெயர் தெரியாத யூடியூப் சேனல் செல்லாது.

சேர்ப்பது எளிது. வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்கு அடுத்து சுட்டியை வையுங்கள். மேலே கருவிப்பட்டையில் மேற்கோள் பொத்தானைத் தொட்டு, இணைய முகவரியை ஒட்டுங்கள். தலைப்பு, நாள், பதிப்பகம் எல்லாவற்றையும் அதுவே இழுத்துக்கொள்ளும். சில தமிழ் நாளிதழ்த் தளங்களில் அது திணறும். அப்போது கையால் நிரப்புங்கள், தலைப்பும் நாளும் கட்டாயம்.

சான்றைச் சுட்டுவதற்கு முன் அதை முழுக்கப் படியுங்கள். கடல்பசுப் பாதுகாப்பகம் பற்றி ஒருவர் சேர்த்த வரியில் அறிவித்த ஆண்டு 2022 சரி, பரப்பு 448 சதுர கிலோமீட்டர் சரி, இடம் மட்டும் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தது. அவர் சுட்டிய செய்தியிலேயே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடல் என்று இருக்கிறது. தலைப்பில் 'பாக் விரிகுடா' என்று பார்த்ததும் நம்ம ஊர் என்று நினைத்துவிட்டார்.

படி 6: அழிந்துவிட்டால்

முதலில் ஒன்று: உங்கள் எழுத்து தொலைந்துபோகவில்லை. 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைத் தொட்டால் கட்டுரை பிறந்த நாளிலிருந்து யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கும். உங்கள் வரியும் அங்கே இருக்கும். அதற்கு மேலே நீக்கியவரின் பெயரும், பெரும்பாலும் காரணமும் இருக்கும். கோபப்படுவதற்கு முன் அந்தக் காரணத்தைப் படியுங்கள்.

அழித்ததைத் திரும்பப் போடாதீர்கள். அவர் மறுபடி அழிப்பார், நீங்கள் மறுபடி போடுவீர்கள், கடைசியில் பக்கத்தையே பூட்டுவார்கள். கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்துக்குப் போய்க் கேளுங்கள். பாம்பன் தம்பி முதலில் எழுதிவைத்திருந்த கேள்வி இது:

"ஏன் அழிச்சீங்க? உங்களுக்கு பாம்பன் பத்தி என்ன தெரியும்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றியது இது:

"வணக்கம். பாலத்தின் நீளத்தை 2.3 கி.மீ. என்று மாற்றியிருந்தேன், அது நீக்கப்பட்டுள்ளது. நான் குறிப்பிட்டது சாலைப்பாலத்தின் நீளம் என்று இப்போது புரிகிறது. இரண்டு பாலங்களையும் படிப்பவர்கள் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாமா? ~~~~"

கடைசியில் நாலு அலைக்கோடு இருக்கிறதே, அதுதான் கையெழுத்து. சேமிக்கும்போது உங்கள் பெயராகவும் நேரமாகவும் மாறிவிடும். இந்த அலைக்கோட்டை மறந்துவிட்டு மொட்டைக் கடுதாசி போடுவது புதியவர்களின் வழக்கம், நானும் போட்டிருக்கிறேன்.

எந்தக் கட்டுரையையும் சாராத பொதுச் சந்தேகம் என்றால் 'ஒத்தாசைப் பக்கம்' என்று ஒன்று உண்டு. எல்லோரும் கூடிப் பேசுகிற இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். பதில் சொல்கிறவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் இல்லை. அன்றைக்கே பதில் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

எழுத்தில் கை வைக்காதீர்கள்

"ஊர்ப் பேரையே தப்பா போட்டிருக்காங்க, 'இராமநாதபுரம்'னு" என்று வந்து, ஒரு கட்டுரை முழுக்க 'இ'யை வெட்டித் தள்ளிய ஒருவரை எனக்குத் தெரியும். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம், அதனால் முன்னால் ஓர் இகரம். அரசு ஆவணங்களிலும் அந்த எழுத்து உண்டு. பேருந்துப் பலகையில் எப்படி இருந்தாலும் அது பிழை இல்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை ஆரம்ப நாள்களிலிருந்து வளர்த்தவர்களில் முதன்மையானவர் மயூரநாதன், இலங்கைத் தமிழர். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஈழத்துக்காரர்களின் உழைப்பு அதில் நிறைய. அதனால் அவர்கள் வழக்குச் சொற்களும் எழுத்துமுறையும் கட்டுரைகளில் இருக்கும். நமக்குப் பழக்கம் இல்லை என்பதற்காக அவற்றை மாற்றக்கூடாது. தனுஷ்கோடியிலிருந்து பார்த்தால் தலைமன்னார் எவ்வளவு தூரம், நம் பேச்சு அவர்களுக்கும்தானே விநோதமாக இருக்கும்.

இன்னும் மூன்று, சுருக்கமாக

நாளிதழிலிருந்தோ வலைப்பதிவிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். தொடக்கத்தில் 1964 புயலைப் பற்றி ஒரு வார இதழ்க் கட்டுரையை ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்து ஏற்றினேன். விடிவதற்குள் போய்விட்டது. பதிப்புரிமை என்ற சொல்லை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். சான்று காட்டலாம், சொற்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டுவதும் இதே கதிக்குத்தான் போகும்.

தாத்தா, மாமா, சொந்த லாட்ஜ், நீங்கள் படித்த டியூசன் சென்டர் ஆகியவற்றுக்குக் கட்டுரை தொடங்க வேண்டாம். வெளியார் யாராவது அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் பார்க்கலாம்.

படம் என்றால் நீங்களே எடுத்தது. எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக்கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழிகளுக்கும் பயன்படும். கரைவலை இழுப்பது, மீன் கருவாடாகக் காய்வது என்று நமக்கு அன்றாடம் தெரிகிற காட்சிக்கு அங்கே தேவை அதிகம்.

அந்தப் பாம்பன் பெண், காற்றுப் பத்தியில் அகராதிச் சான்று இருந்த வரியை மட்டும் கட்டுரையில் வைத்துவிட்டு, அப்பா சொன்ன மீதியை உரையாடல் பக்கத்துக்கு நகர்த்தினாள். மூன்று வாரம் சத்தமே இல்லை. போன வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கமும் கச்சான் என்றுதான் சொல்வோம். உங்கள் அப்பா எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்கிறார்?" அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி, நாலு அலைக்கோடும் மறக்காமல் போட்டிருக்கிறாள்.