மாரிகாலத்தில் நாய்க்கு வரும் சீழ்ப்புண்ணுக்கு வேப்பிலைத் தண்ணி

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. கார்த்திகை மழை தொடங்கினால் எங்கள் நாய் சிவப்பிக்கு வயிற்றடியிலும் தொடையின் உட்பக்கத்திலும் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் போடும். உடைந்தால் விளிம்பில் தோல் உரிந்த வட்டமாக, ஒரு ரூபாய்க் குற்றி அளவில் நிற்கும். நாயின் தோலில் எப்போதும் இருக்கிற ஸ்டெபைலோகொக்கஸ் பற்றீரியாதான் பெரும்பாலும் காரணம். ஈரத்திலும் தெள்ளுக்கடியிலும் தோல் நைந்ததும் அது பெருகிவிடும்.

முதலில் புண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மயிரை வெட்டிவிடுங்கள். மயிருக்குள் சீழ் காய்ந்து மூடியிருந்தால் எந்த மருந்தும் தோலில் படாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துப் பொருக்கை ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுக்க வேண்டாம்.

மறுகா வேப்பிலை. இரண்டு கைப்பிடி இலையைக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீரில் மூடிபோட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் வடியுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். பழைய சாரத்துண்டை அதில் நனைத்துப் புண்ணின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். ஊற்றிவிட்டு ஓடினால் பலன் இல்லை. நான் சிவப்பியின் தலையை மடியில் வைத்துக் காதடியைத் தடவிக்கொண்டே இருப்பேன். ஐந்தாவது நிமிடத்தில் பெருமூச்சு விட்டுக் காலை நீட்டும். காலையும் மாலையும் செய்யுங்கள். அடுத்த நாளுக்குப் புதிதாக அவியுங்கள்.

நான் அதிகம் அக்கறைப்படுவது இனி வரும் வேலையில்தான். ஒற்றி ஒற்றி ஈரத்தை முழுக்க எடுக்க வேண்டும். மழைநாளில் மணலில் படுக்கவிடாமல் குசினி மூலையில் உலர்ந்த சாக்குப் போடுங்கள். நக்காமலிருக்க, பழைய பெயின்ற் வாளியின் அடியை வெட்டி, விளிம்புக்குத் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டலாம்.

காய்ந்து உரியும் தோலுக்குத் தேங்காயெண்ணெய் மெல்லிசாகப் போதும். அதில் பாதியளவு லோரிக் அமிலம். பற்றீரியாவை அடக்கும் தன்மை அதற்கு உண்டு. பிசுபிசுத்துப் புளித்த மணம் வந்தால் எண்ணெய் வேண்டாம். அங்கே பூஞ்சை இருக்கலாம், எண்ணெய் அதற்குத் தீனி. கத்தாளை பூசுவதென்றால், உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுங்கள். மடலின் தோலை ஒட்டிய மஞ்சள் பாலை நாய் நக்கினால் வயிற்றாலே போகும்.

உள்ளி, வெங்காயம் அரைத்துப் பூசவே கூடாது. நக்கி விழுங்கினால் இரத்தத்தின் செங்கலங்களை உடைக்கும். ரீ ட்ரீ (tea tree) என்ற மூலிகை எண்ணெயும் நாய்க்கு நஞ்சு. முந்தி வளர்த்த நாய்க்கு, யாரோ சொன்னதைக் கேட்டு வாகனத்துக் கழிவு ஒயில் பூசினோம். இரண்டு நாள் சத்தி எடுத்துச் சுருண்டு கிடந்தது. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்று நாளில் காயத் தொடங்காவிட்டால், பரவினால், சாப்பிடாமல் கிடந்தால், அல்லது குட்டியாக இருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சொறிப்பூச்சியா பற்றீரியாவா என்று தோலைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். குளிசை தந்தால், புண் மாறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். போகும்போது வாளியையும் மாட்டியே கூட்டிப் போங்கள், வழியில் நக்கிவிடும்.