படகில் அடிபட்டவருக்கு வழக்கு நடத்துவது எப்படி?

எங்கள் கரையில் பங்கு என்றால் இரண்டு. ஒன்று கோயில் பங்கு, அதாவது பாரிஷ்; இன்னொன்று மீன் விற்ற காசில் வரும் பங்கு. கடலில் அடிபட்டவரின் வழக்கில் இரண்டும் வந்து நிற்கும். களியக்காவிளையில் ஆபீஸ் போட்டு, குழித்துறைக்கும் நெய்யாற்றின்கரைக்குமாக ஓடுகிறவன் நான். இந்த வேலைக்கு வரும் ஜூனியர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: சட்டப் புத்தகத்தை அப்புறம் திறக்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் முதல் வழக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் தோற்றது. கொச்சியிலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க, போன விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்ச் கயிறு சுற்றி, ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. போலீஸ் கேஸ் வேண்டாம் என்று கூட வந்தவர்கள், "தேங்காய் வெட்டும்போது வெட்டுக்கத்தி பட்டது" என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் மலையாளத்தில் அதையே எழுதினார். அந்த ஒரு வரியை என்னால் கடைசிவரை அழிக்க முடியவில்லை. அதனால் காயச் சான்றிதழின் நகலை வாங்கியதும், காயம் எப்படி ஏற்பட்டது என்ற வரியை முதலில் படியுங்கள். தவறாக இருந்தால் அன்றைக்கே கடலோரக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள், படகு ஓனருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூட இருந்தவர்களையும் உடனே பாருங்கள். அடுத்த தங்கலுக்குக் கிளம்பிவிட்டால் உங்கள் சாட்சி வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பார்.

அடுத்து ஓனர் தரப்பு வரும். "அவன் என் தொழிலாளி இல்லை, பங்குக்காரன்" என்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. இருப்பது ஒரு நோட்டு. நான் பார்த்த ஒன்றில் டீசல் வாடை அடித்தது, ஓரமெல்லாம் உப்பில் உப்பியிருந்தது. மீன் விற்ற தொகை, அதில் டீசல், ஐஸ், அரிசிச் செலவு போக மிச்சத்தில் ஓனருக்கு இத்தனை, படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு இத்தனை, பிறகு ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகத் தொகை. அத்தனையும் பென்சிலில். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் பங்கைப் பற்றி வாதாட வேண்டாம். ஸ்ராங்கை வைத்தது யார், படகு எப்போது கிளம்பணும் என்று சொன்னது யார், ஆளை நிறுத்துவது யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஓனர் பெயர்தான் பதிலாக வரும்.

கணக்கு கடினமில்லை. நான் நடத்தியதெல்லாம் 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ். 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆகவே பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். 2020 அறிவிப்புப்படி மாதக் கூலி அதற்கு மேல் இருந்தாலும் 15,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கேற்ற பெருக்கல் காரணி ஒன்று உண்டு, வயது 35 என்றால் அது 197.06. பெருக்கினால் முழு ஊனத்துக்கு 17,73,540. இரண்டு விரலுக்கு அட்டவணை 20 சதவீதம் என்கிறது, அதாவது 3,54,708. அதோடு விட்டுவிடாதீர்கள். இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, இனி தச்சு வேலை முடியாது என்பதால், முழு ஊனம் என்றே 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கயிறு பிடிக்க முடியாத கைக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விபத்து கொச்சிப் பக்கம் நடந்தது என்பதற்காகக் கொச்சிக்கு அலைய வேண்டாம். அடிபட்டவர் குடியிருக்கும் பகுதியின் தகுதியுள்ள அதிகாரியிடமே (பழைய சட்டத்தில் ஆணையர்) மனு போடலாம். மீனவர் விபத்துக் காப்பீட்டுப் பணம் வந்தால் வரட்டும், அது வேறு, இது வேறு. உங்கள் ஃபீஸையும் கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள், பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

சமரசம் பெரும்பாலும் பங்குத்தந்தை அறையில்தான் நடக்கும். ஃபாதரைக் குறை சொல்லவில்லை, நாளைக்கும் அதே கடற்கரையில் இருவரும் முகம் பார்க்க வேண்டுமே. ஆனால் உயிர்ப்பலி என்றால் நஷ்டஈட்டை அந்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்த பணம் கணக்கில் சேராது. இதை ஓனருக்கும் சொல்லிவிடுங்கள், இரண்டு தடவை கட்ட யாருக்கும் ஆசை இருக்காது.

ஒரு தவக்காலத்தில், இதே மாதிரி இரண்டு விரல் போன இன்னொருவருக்காக அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் 50,000 ரூபாயும் கையெழுத்துக்குத் தயாராக முத்திரைத்தாளும். நான் ஒரு துண்டுத்தாளில் 3,54,708 என்று எழுதி, பணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஃபாதர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஓனர் முத்திரைத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.