பழைய விண்வெளித் தொடர்களைப் பார்த்துப் படைக்க வருபவர்கள் இடறும் இடங்கள்

ஸ்டார் டிரெக் 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கேப்டன் கிர்க்கும், உணர்ச்சியை அடக்கித் தர்க்கம் பேசும் வல்கன் இனத்து ஸ்பாக்கும் எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போகும் தொடர் அது. மறு ஆண்டே அதன் ரசிகர்கள் கதையும் கட்டுரையும் எழுதி, ‘ஸ்பாக்கனேலியா’ என்ற சிற்றிதழை சைக்ளோஸ்டைல் பிரதியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். பிரிட்டனில் 1963இல் தொடங்கிய, காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியின் தொடரான டாக்டர் ஹூவுக்கும் இதேபோல் எழுதித் தள்ளும் ஒரு கூட்டம் சேர்ந்தது. இந்த இரு கூட்டங்களிலிருந்தும் விருது பெற்ற நாவலாசிரியர்கள் வந்திருக்கிறார்கள்; பின்னாளில் அதே தொடரை நடத்தியவர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் பாதியிலேயே நின்றுபோனவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்கள் இடறிய இடங்களைப் பார்த்தால், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை.

முதல் இடறல், தொடரின் தளவாடத்தையே தொடர் என்று நினைத்துக்கொள்வது. ஸ்டார் டிரெக்கில் முதலாவதாக ஒளிபரப்பான கதையில், உப்புக்காக ஆளைக் கொல்லும் ஒரு ஜந்து வரும். அந்தக் கதைக்காகப் புதுமாதிரி உப்புக் குப்பிகள் சிலவற்றை வாங்கினார்கள். வாங்கிப் பார்த்த பிறகுதான், இவை உப்புக் குப்பி என்றே யாருக்கும் தெரியாது என்று உறைத்தது. தூக்கி எறியவில்லை, கப்பலின் மருத்துவரான மெக்காயின் அறுவைக் கருவிகளாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கிரகத்திலும் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதாது என்பதால் பிறந்ததுதான், ஆட்களை ஒளியாகக் கரைத்து இறக்கும் கருவி. டாக்டர் ஹூவில் வரும் எதிரிகளான டாலெக்குகள் உலகத்தையே மிரட்டும்போது அவற்றின் கையாக நீட்டிக்கொண்டிருப்பது, கழுவுதொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணம் வைத்த கோல்.

இன்றைய ரசிகர் அந்த உப்புக் குப்பியின் அச்சு அசலான நகலைச் செய்ய மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார். கைவேலை என்ற அளவில் அதில் எனக்கு மரியாதை உண்டு. கதை சொல்ல வருபவருக்கு மட்டும் அது உதவாது. அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கையில் இல்லாததைக் காட்டினார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தச் சாமர்த்தியத்தைத்தான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 1980களில் ‘ஆடியோ விஷுவல்ஸ்’ என்ற பெயரில் டாக்டர் ஹூ நாடகங்களைத் தயாரித்த பிரிட்டிஷ் இளைஞர்கள். படம் பிடித்தால் அட்டைச் சுவர் ஆடுவது தெரியும். ஒலிநாடகத்தில் அட்டைச் சுவரே தேவையில்லை. ஒரு நல்ல குரலும் கதவு திறக்கும் ஓசையும் போதும். ஆகவே கேசட்டில் நாடகம் போட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த கேரி ரஸ்ஸலும் நிக்கலஸ் பிரிக்ஸும்தான், 1999இல் ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனம் முறையான உரிமத்துடன் டாக்டர் ஹூ ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியபோது முன்னணியில் நின்றவர்கள். 2005இல் தொடர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்தவரும் அதே பிரிக்ஸ்தான். வசதி குறைவு எந்த வடிவத்தில் வெளியே தெரியாதோ, அந்த வடிவத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முதல் முயற்சியிலேயே விண்கலப் போரைக் கணினி வரைகலையில் காட்டத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் தவறு; எல்லோரும் செய்கிற தவறும் அதுவே. 1973இல் பாலா ஸ்மித் என்ற ரசிகை ஒரு சிற்றிதழில் மிகச் சிறிய கேலிக்கதை ஒன்றை எழுதினார். நாயகி லெஃப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை, விண்படையிலேயே மிக இளைய லெஃப்டினன்ட். வந்த நிமிடமே கேப்டன் கிர்க் அவளிடம் காதல் சொல்கிறார். அவள் மறுத்ததும் மரியாதை கூடிப்போய், கப்பலை அவள் பொறுப்பில் விட்டுவிட்டுக் காப்பி வாங்கப் போகிறார். ஸ்பாக் வந்து அவளுடைய தர்க்கத்தை மெச்சுகிறார். எதிரிகள் எல்லோரையும் சிறையில் அடைக்கும்போது ஒரு கொண்டை ஊசியால் பூட்டைத் திறப்பதும் அவளே. பிறகு மற்றவர்கள் நோயில் விழ, தனியாளாகக் கப்பலை ஓட்டி நோபல் அமைதிப் பரிசு வாங்குகிறாள். கடைசியில் நாயகர்கள் சூழ்ந்து நின்று கதற, உயிரை விடுகிறாள்.

சிற்றிதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளைப் படித்துப் படித்துச் சலித்த ஒருவரின் பகடி இது. பிறகு இந்தப் பெயர், திறமையான பெண் பாத்திரம் எங்கே தென்பட்டாலும் அடிக்க எடுக்கும் கோலாகிவிட்டது. அது அநியாயம். எல்லாச் சண்டையிலும் ஜெயித்து, போகிற கிரகமெல்லாம் காதலிக்கப்படும் கிர்க் மட்டும் என்னவாம்? மேரி சூவின் கோளாறு அவளுடைய திறமையில் இல்லை. அவளைச் சுற்றியுள்ளவர்கள் தங்கள் இயல்பை விட்டுவிட்டு அவளுக்குக் கைதட்டுபவர்களாக மாறிவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான். ஸ்பாக் ஸ்பாக்காக இருந்தால் புதிதாக வந்தவளை இரண்டு கேள்வி கேட்டுத் திணறடித்திருப்பார். உங்கள் கதையைச் சோதிக்க ஒரு வழி: புதிய பாத்திரத்திடம் பழைய பாத்திரம் ஒரு முறையாவது ‘முடியாது’ என்று சொல்கிறதா, அப்படிச் சொன்னதில் நியாயமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தொடரின் பழைய தகவல்களில் ஒரு புள்ளியும் பிசகக் கூடாது என்ற பயம். இந்தப் பயத்தோடு எழுதப்படும் கதைகள், எந்தக் கதையில் எந்தத் தேதி சொல்லப்பட்டது என்று ஒட்டுப்போடுவதிலேயே முடிந்துவிடுகின்றன. மூலத்தை எடுத்தவர்களுக்கே அந்தப் பயம் இருந்ததில்லை. 1966இல் வந்த ஒரு கதையில் கிர்க்கின் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்திருக்கும். பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க் ஆகிவிட்டார். முதல் முன்னோட்டப் படத்தில், உணர்ச்சி காட்டாத அதே ஸ்பாக் முகம் மலர்ந்து புன்னகைக்கிறார். வானம் இடிந்து விழவில்லை.

சரி, தொடரிலிருந்து எதைத்தான் எடுத்துக்கொள்வது? அது கேட்ட கேள்வியை, அல்லது அது கேட்காமல் விட்ட கேள்வியை. டேவிட் ஜெரால்ட் தன் இருபதுகளின் தொடக்கத்தில், வெளியிலிருந்து ஸ்டார் டிரெக்குக்குக் கதை அனுப்பினார். முதலில் அனுப்பிய நீண்ட சுருக்கம் திரும்பி வந்தது. 1967 டிசம்பரில் ஒளிபரப்பான அவருடைய கதையில் எதிரி என்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்கும் மயிர்ப்பந்து. கொஞ்சினால் கொஞ்சலொலி எழுப்பும். தீனி கிடைத்தால் பெருகிக்கொண்டே போகும். பிரபஞ்சத்தை அழிக்க வரும் அரக்கனுக்குப் பதிலாக, தின்னும் எதிரி இல்லாத இடத்தில் ஓர் உயிரினத்தைக் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார். அந்தக் கதை இன்றுவரை ரசிகர்களின் செல்லப்பிள்ளை.

பால் கார்னெல் டாக்டர் ஹூ சிற்றிதழ்களில் எழுதியவர். தொடர் 1989இல் நின்ற பிறகு, வர்ஜின் பதிப்பகம் புதிய எழுத்தாளர்களுக்கும் கதவைத் திறந்துவைத்து டாக்டர் ஹூ நாவல்களை வெளியிட்டது. 1991இல் வந்த கார்னெலின் முதல் நாவல், அவர் முன்பு எழுதிய ரசிகர் கதையிலிருந்து விரிந்தது. 1995இல் அவர் இன்னொரு நாவலில் கேட்டது எளிய கேள்வி: சாகாவரம் பெற்றவர்போல் திரியும் டாக்டர், தான் யாரென்பதை மறந்து சாதாரண மனிதனாக, ஒரு பள்ளி ஆசிரியராக வாழ்ந்தால்? காதலித்தால்? திரும்பவும் டாக்டராக வேண்டும் என்றால் அந்த மனிதன் என்ன ஆவான்? தொலைக்காட்சியே 2007இல் அந்த நாவலை இரண்டு பகுதிகளாக எடுத்தது. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டு இளமையில் ஸ்டார் டிரெக் சிற்றிதழ் நடத்தியவர்களில் ஒருவர். பிறகு தன் சொந்த விண்வெளி உலகைக் கட்டினார். சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை 4 முறை பெற்றார். இரவல் உலகில் எழுதப் பழகுவதில் குற்றமில்லை. கதை தன் காலில் நிற்கத் தொடங்கிய பிறகும் இரவல் சீருடையைக் கழற்றாமல் இருப்பதுதான் வீண்.

இனி, வழக்கு வரை கொண்டுபோகும் தவறுகள். ‘நான் இலவசமாகத்தானே தருகிறேன்’ என்பது காப்பு ஆகாது. 2008இல் டாக்டர் ஹூ ஜந்துகளைப் பின்னல் பொம்மைகளாகச் செய்யும் முறையை இலவசமாக இணையத்தில் போட்ட ரசிகையை, தொடரைத் தயாரிக்கும் பிபிசி தடுத்தது. வேறு யாரோ அந்தப் பொம்மைகளைப் பின்னி விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டார் டிரெக் தரப்பில் அடி பலமாக விழுந்தது. ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்குக் கூட்டுநிதியாக 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2015 டிசம்பரில் ஸ்டார் டிரெக்கின் உரிமையாளர்களான சிபிஎஸ்ஸும் பாரமவுண்டும் வழக்குத் தொடர்ந்தன. சீருடை, வல்கன்களின் கூர்க்காது, கிளிங்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் மொழி வரை தங்கள் உடைமை என்று பட்டியல் போட்டார்கள். 2017 ஜனவரியில், அனுமதி இல்லாமலேயே ஓரளவு எடுத்தாளலாம் என்ற ‘நியாயமான பயன்பாடு’ வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. அதே மாதம் சமரசம். வழக்கு நடக்கும்போதே, 2016 ஜூனில், ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்துவிட்டன: ஒரு கதை 15 நிமிடத்துக்குள், இரண்டு பகுதிகள் என்றால் மொத்தம் 30 நிமிடம், நிதி 50,000 டாலருக்கு மேல் திரட்டக் கூடாது, யாருக்கும் சம்பளம் கூடாது. படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் கதையை எழுதும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள். 90 நிமிடக் கதையைப் பிறகு வெட்டுவது வேதனை.

உரிமையாளர் ஒருவர்தான் என்று நினைப்பதும் தவறு. டாக்டர் ஹூவில் பல ஜந்துகளின் உரிமை அவற்றை எழுதியவர்களிடம் தங்கிவிட்டது. டாலெக்குகளில் அவற்றை உருவாக்கிய எழுத்தாளர் டெரி நேஷனின் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. 2005இல் தொடர் திரும்பும் முன் பிபிசியே அவர்களோடு இழுபறி நடத்த வேண்டியிருந்தது. 1990களில் சில ரசிகர்கள் இந்த ஓட்டையை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்: ஜந்துவின் உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்கி, டாக்டர் இல்லாமலேயே வீடியோ படம் எடுத்தார்கள். 1994இல் சோண்டாரன்களை வைத்து எடுத்த ‘ஷேக்டவுன்’ அப்படி வந்ததுதான்.

கேட்டுப் பார்க்க வெட்கப்படுபவர்களுக்கு ஜேம்ஸ் காலியின் கதையைச் சொல்லலாம். எல்விஸ் பிரெஸ்லி வேடமிட்டுப் பாடுவது அவர் தொழில். நியூயார்க் மாநிலத்தில் எண்டர்பிரைஸ் கப்பலின் உள் அரங்குகளை எழுப்பி, தானே கிர்க்காக நடித்துத் தொடர் எடுத்தார். 2007இல் வெளியான ஒரு கதையில் அசல் தொடரில் சுலு என்ற கப்பல் அதிகாரியாக நடித்த ஜார்ஜ் டக்கேயே வந்து நடித்தார். அது ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. 2016 விதிகள் வந்தபோது காலி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. சிபிஎஸ்ஸிடம் உரிமம் வாங்கி, அந்த அரங்குகளை அம்மாநிலத்தின் டைகண்டரோகா என்ற சிற்றூரில் பார்வைக்கூடமாக மாற்றினார். இப்போது டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.