மனோரமா ஆச்சியைப் பற்றிப் பேசப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில், ஐஸ்டெட்ஃபட் என்னும் கலைப் போட்டி விழா நெருங்கிவிட்டால் பேச்சுப் போட்டிக்கு யாராவது ஒரு பிள்ளை மனோரமாவை எடுத்துக்கொண்டு வரும். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். டர்பனில் பிறந்து, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்கிற ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆச்சியைத் தேடிப் போகிறதே! ஆனால் எழுதிக்கொண்டு வரும் தாளைப் பார்த்தால் வருஷா வருஷம் அதே பிழைகள். பிள்ளைகளுக்கு உதவி செய்யும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பாருங்கள். அட்டையில் ஒட்டியிருப்பது நம் ஆச்சிதானா? மனோரமா என்ற பெயரில் இந்திப் படங்களிலும் ஒரு நகைச்சுவை நடிகை இருந்தார். 1972இல் வந்த சீதா அவுர் கீதாவில் ஹேமமாலினியைப் பாடாய்ப் படுத்தும் சித்தியாக வந்தவர் அவர்தான். லாகூரில் பிறந்தவர், 2008இல் காலமானார். நம் ஊரில் தமிழ்ப் படமும் இந்திப் படமும் பக்கம் பக்கமாக ஓடியவை. டர்பனின் கிரே தெருப் பக்கம் படம் பார்த்த பெரியவர்களுக்கு இரண்டு மனோரமாவுமே பழக்கம். அதனால் வீட்டிலேயே இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. தீபா மேத்தாவின் வாட்டர் படத்தில் நடித்ததாக ஆச்சியைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதுவும் இந்தி மனோரமாதான். படத்தை எடுக்கும்போது தமிழில் பெயர் போட்டுத் தேடினால் பாதித் தொல்லை தீரும்.

அப்புறம் அந்த 'ஆச்சி'. பாட்டி வேஷம் நிறையப் போட்டதால் ஆச்சி என்று கூப்பிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆச்சி என்றால் பாட்டி, உண்மைதான். நாம் இங்கே ஆயா என்கிறோம். ஆனால் செட்டிநாட்டில் ஆச்சி என்பது வயதைச் சொல்லும் சொல் அல்ல. அங்கே நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. மனோரமா பிறந்தது மன்னார்குடியில், கோபிசாந்தா என்ற பெயரில். அப்பா கைவிட்டுப் போனபின் அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்தார். வளர்ந்தது அங்கே, வாயில் ஏறியதும் அந்தப் பேச்சு. அந்த மண்ணோடு ஒட்டி வந்த பெயர்தான் ஆச்சி.

வாழ்க்கையை 1958இல் தொடங்குவது இன்னொரு பெரிய பிழை. அந்த வருஷம் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கை அவருக்கு முதல் படம், சரி. ஆனால் அதற்கு முன்பே அவர் மேடையில் நின்று தேறியவர். வீட்டில் வறுமை, படிப்பு பாதியில் நின்றது, சிறு வயதிலேயே நாடகம். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவிலும் நடித்தார். இதை விட்டுவிட்டால் 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் ஜில் ஜில் ரமாமணி ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லவே முடியாது. ரமாமணி மேடையில் ஆடிப் பிழைப்பவள். சிரிக்க வைப்பாள், அலட்டுவாள், ஆனால் ஒரு கலைஞனின் மனசு அவளுக்குச் சட்டென்று புரியும். மேடையிலேயே வளர்ந்த ஒரு பெண்தான் அதை அப்படிச் செய்ய முடியும் என்பது என் எண்ணம்.

காமெடி வேஷத்துக்கு அவரைக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். அதற்காகக் கதாநாயகியாக நடித்ததே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1963இல் வந்த கொஞ்சும் குமரியில் அவர்தான் நாயகி. 'நாகேஷின் ஜோடி' என்று ஒரே வரியில் முடிப்பதும் எனக்கு வருத்தம் தருகிறது. நாகேஷோடு அவர் சேர்ந்தாலே ஒரு கொண்டாட்டம்தான், அதற்காக மற்றதெல்லாம் இல்லாமல் போய்விடுமா? சிரிப்பு நடிகை என்று மட்டும் சொன்னால் தேசிய விருதை எங்கே வைப்பது? சிறந்த துணை நடிகைக்கான அந்த விருது அவருக்கு வந்தது 1989இன் புதிய பாதை படத்துக்காக. 2002இல் பத்மஸ்ரீ.

எண்கள் விஷயத்தில் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. 1,200, 1,300, 1,500 என்று ஆளுக்கு ஒரு கணக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் என்று சொன்னாலே போதும், கின்னஸில் அவர் பெயர் ஏறியது அதற்காகத்தான். 'ஐந்து தமிழக முதல்வர்களோடு நடித்தார்' என்பதையும் திருத்த வேண்டும். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா நான்கு பேர்தான் தமிழகம். ஐந்தாவது என்.டி.ராமராவ், ஆந்திர முதல்வர். அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தது நாடக மேடையில்.

இனி நான் மெனக்கெட்டுச் சொல்ல விரும்புகிற விஷயம். பிள்ளைகள் ஆச்சியைக் கண்ணால் மட்டும் பார்க்கிறார்கள். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்துவிட்டு, முகம் கோணுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதுதான் அவருடைய காமெடி என்று எழுதுகிறார்கள். ஆச்சியின் காமெடி தொண்டையில் இருக்கிறது. எந்த இடத்துப் பெண்ணாக வருகிறாரோ அந்த இடத்துப் பேச்சை அப்படியே கொண்டுவருவார். சொல்லை எங்கே இழுப்பது, எங்கே முழுங்குவது என்பதிலேயே அந்தப் பெண் யார், என்ன வேலை செய்கிறாள், எவ்வளவு பணம் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆங்கில வரியில் இது எதுவும் வராது.

1968இன் பொம்மலாட்டம் படத்தில் 'வா வாத்யாரே ஊட்டாண்டே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகி யாரோ பின்னணியில் பாட இவர் வாயசைத்தார் என்று எழுதுவது தவறு, பாடியது ஆச்சியே. இருபது வருஷம் கழித்துப் பாட்டி சொல்லைத் தட்டாதே படத்திலும் அவரே பாடினார். ஒரு முறை எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, 'இந்தப் பாட்டு தப்பான தமிழில் இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஊட்டாண்டே என்றால் வீட்டண்டை, வீட்டுப் பக்கம். சென்னைப் பேச்சு. நான் விளக்கம் சொல்வதற்குள், பேத்தியை அழைத்துப் போக வந்து கதவோரம் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, 'எங்க அம்மாவும் ஊடுன்னுதான் சொல்லுவாங்க' என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டத்து வேலைக்காக மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்த தமிழர்களில் நிறையப் பேர் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் வாயில் வந்த பேச்சுக்கும் ஆச்சி பாடிய பேச்சுக்கும் தூரம் அதிகமில்லை. தப்பான தமிழ் என்று அந்தப் பெண் எழுதியது தன் கொள்ளுப்பாட்டியின் தமிழை. புத்தகத் தமிழ்தான் சரி என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்தான் கோளாறு. அதை அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளிடமும் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே பேச்சை எழுதுவதற்கு முன் ஒரு காட்சியைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கட்டும்.

நடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். வயிற்றில் தலையணை கட்டிக்கொள்வது, முகத்தில் கறுப்புப் பூசிக்கொள்வது, ஒவ்வொரு வரிக்கும் கத்துவது எதுவும் வேண்டாம். ஆச்சி கத்திய இடங்களைவிடக் குரலைத் தாழ்த்திய இடங்களில்தான் கூட்டம் அதிகம் சிரித்திருக்கிறது. ஒருவரின் உடம்பையும் நிறத்தையும் கிண்டல் செய்து வாங்கும் சிரிப்பு நம் மேடைக்குத் தேவையில்லை.

தேதிகளையும் ஒரு முறை சரிபாருங்கள். பிறந்தது 26 மே 1937, மன்னார்குடி. மறைந்தது 10 அக்டோபர் 2015, சென்னை, வயது 78. தாளைச் சனிக்கிழமை கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். வீட்டில் ஆயா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.