பியூர்கர்மைஸ்டர் எல்லோரும் ஒரே மேயர் அல்ல

ஜெர்மன் உள்ளாட்சி ஆவணத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்காருபவர்கள் நேராக அகராதியைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன்பே, ஆவணம் எந்த மாநிலத்தில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும். ஜெர்மனியின் 16 மாநிலங்களும் உள்ளாட்சிச் சட்டத்தைத் தனித்தனியாக வகுக்கின்றன. அதனால் ஒரே பதவிப்பெயருக்கு இடத்துக்கு இடம் வேலை மாறும்.

'ஷ்டாட்ராட்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்டுட்கார்ட்டில் அவர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர். கவுன்சிலர் என்று எழுதலாம். பிராங்பர்ட்டிலோ அவர் நகரத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர், மன்றத்தில் உறுப்பினராக இருக்கவே முடியாது. அந்தக் குழுவின் பெயர் 'மாகிஸ்ட்ராட்'. அதைப் பார்த்ததும் மாஜிஸ்ட்ரேட் என்று எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

'எர்ஸ்டர் பியூர்கர்மைஸ்டர்', அதாவது 'முதல் மேயர்', இன்னும் வம்பு. நகரமே ஒரு மாநிலமான ஹாம்பர்க்கில் அவர் மாநில அரசின் தலைவர். பவேரியாவில் சின்னக் கிராமத்தின் தலைவருக்கும் அதே பட்டம்தான். அந்தக் கிராமத் தலைவரை மேயர் என்று மட்டும் எழுதினால் போதும். அங்கே 'இரண்டாம்' ஆள் என்பவர் துணை மேயர்.

பெரிய நகரத்தின் 'ஓபர்பியூர்கர்மைஸ்டரை' லார்ட் மேயர் என்று எழுதும் பழக்கம் ஜெர்மன் நகரங்களின் சொந்த ஆங்கிலப் பக்கங்களிலேயே உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பிரிட்டனில் லார்ட் மேயர் பெரும்பாலும் சடங்குப் பதவி. ஷ்டுட்கார்ட்டில் இருப்பவரோ மக்கள் 8 ஆண்டுகளுக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். ஆனால் ஆவணத்தின் ஆண்டையும் பாருங்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் வசம் இருந்த வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில், 1990-கள் வரை அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஓபர்பியூர்கர்மைஸ்டர் மன்றத்துக்குத் தலைமை தாங்கி விழாக்களுக்குப் போவார். அலுவலகத்தை நடத்தியவர் 'ஓபர்ஷ்டாட்டிரெக்டோர்'. ஆக, 1980-இன் கொலோன் கடிதத்தில் லார்ட் மேயர் அவ்வளவு தப்பில்லை. இன்றைய கடிதத்தில் தப்பு.

'ரெகீருங்ஸ்பிரெசிடென்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அரசாங்கத்தின் அதிபர் வந்து நிற்பார். உண்மையில் அவர் மாநில அரசு நியமிக்கும் மண்டல அதிகாரி. பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க், ஹெஸ்ஸே, வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா ஆகிய நான்கில் மட்டுமே அந்த அடுக்கு உண்டு. பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் நகரங்களின் 'செனாட்' மேலவை அல்ல, அமைச்சரவை.

பல ஊர்களைச் சேர்த்த நிர்வாகப் பகுதியான 'கிரைஸ்' என்பதை டிஸ்ட்ரிக்ட் என்பதா, கவுண்டி என்பதா? இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் பெர்லின் நகரத்தின் உட்பிரிவுகளான 12 'பெட்சிர்க்'குகளையும் பலர் டிஸ்ட்ரிக்ட் என்றே எழுதுகிறார்கள். கிரைஸும் பெட்சிர்க்கும் ஒரே ஆவணத்தில் வந்தால் பெர்லினின் பெட்சிர்க்குக்குப் பரோ (borough) என்று போடுங்கள். ஒரு சொல் முதன்முதலில் வரும் இடத்தில் ஜெர்மன் சொல்லையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.