மின்சார ஸ்கூட்டரில் உண்மையில் எவ்வளவு மிச்சம்? ஈபி பில்லை வைத்துக் கணக்குப் போடலாம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நான் போட்ட கணக்கையே காட்டுகிறேன். முதல் தடவை அதைத் தப்பாகத்தான் போட்டேன். அந்தத் தப்பு எங்கே நடந்தது என்பதை மூன்றாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: பெட்ரோல் செலவு

டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். என் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தது. தினம் 30 கி.மீ. வீதம் 25 நாள் ஓட்டினால் மாதம் 750 கி.மீ. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 3,360 ரூபாய். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் இதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சுவர் பிளக்கில் அளந்து பாருங்கள்

வண்டியின் ஆப் காட்டும் எண்ணை நம்பி உட்காராதீர்கள். மீட்டரில் ஓடுவது சுவரிலிருந்து எடுக்கும் கரண்ட். சார்ஜர் சூடாவதிலேயே கொஞ்சம் போய்விடும். யூனிட் காட்டும் பிளக் மீட்டர் ஒன்று வாங்குங்கள், 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து. சின்ன பிளக்கில் மாட்டுகிற மலிவானது வேண்டவே வேண்டாம், மணிக்கணக்கில் ஓடினால் சூடேறும். என் வண்டியில் 3 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி. காலியிலிருந்து நிரம்ப 3.4 யூனிட் எடுக்கிறது, 90 கி.மீ. ஓடுகிறது. அப்படியானால் இரண்டு மாதத்து 1,500 கி.மீ.க்கு 57 யூனிட்.

படி 3: அந்த 57 யூனிட்டின் விலை

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். யூனிட் சராசரி 5 ரூபாய் என்று பெருக்கி, 285 ரூபாய்தான் என்று நிம்மதியாக இருந்தேன். பில் 630 ரூபாய் கூடி வந்தது.

காரணம் 500 யூனிட் எல்லை. நான் கணக்குப் போட்டபோது தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய்தான். 500ஐத் தாண்டிவிட்டால் அதே நூறுக்கு யூனிட் 4.70 போட்டார்கள். அதிலேயே 235 ரூபாய் போய்விட்டது. அதற்கு மேல் 500ஐத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். எங்கள் வீடு முன்பு 460 யூனிட், வண்டி வந்தபின் 517. கணக்குப் பார்த்தால் வண்டிக்குப் போன கரண்ட் யூனிட் 11 ரூபாய் விழுந்திருக்கிறது.

அதனால் சராசரியை மறந்துவிடுங்கள். பழைய யூனிட்டுக்கு ஒரு பில், வண்டியையும் சேர்த்து ஒரு பில் என்று இரண்டு தடவை போட்டு, வித்தியாசத்தை எடுங்கள். அதுதான் உங்கள் எரிபொருள் செலவு.

அப்படியும் எனக்கு இரண்டு மாதத்துக்கு 3,360 ஆன இடத்தில் 630, அதாவது மாதம் 1,365 ரூபாய் மிச்சம்.

படி 4: போட்ட காசு எப்போது திரும்பும்?

மின்சார ஸ்கூட்டரையும் பெட்ரோல் ஸ்கூட்டரையும் ஷோரூம் விலையில் வைக்காமல், வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் ஒப்பிடுங்கள். எனக்கு வித்தியாசம் 25,000. அதை 1,365ஆல் வகுத்தால் 18 மாதம். ஆனால் நான் பின்னால் பேட்டரி மாற்றுவதற்கென்று மாதம் 400 தனியாக எடுத்து வைக்கிறேன், எல்லாரும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போது 26 மாதம். ஆயில் மாற்றும் செலவு இல்லாததை இதில் சேர்க்கவில்லை.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சொன்ன சிக்கல்கள். வாடகை வீட்டில் சப்-மீட்டர் இருந்து, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால் படி 3 தேவையே இல்லை, அந்த விலையால் 57ஐப் பெருக்கினால் போதும். இன்னொன்று, 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது. மின்சார வண்டிக்கு முன்பு போலவே 5. அதற்கு முந்தைய விலைப் பட்டியலை வைத்துப் படி 4ஐப் போடாதீர்கள்.

500ஐத் தாண்டாமல் இருக்க என்ன செய்தேன் என்றும் கேட்டார்கள். அதிக நேரம் ஓடும் இரண்டு பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். ஒவ்வொன்றும் 75 வாட் இழுத்த இடத்தில் இப்போது 28 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 56 யூனிட் குறைகிறது, வண்டி குடிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்த ரீடிங் 462.