கடலின் வெப்பத்தை ஒலியால் அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சூடான நீரில் ஒலி விரைந்து செல்லும், அது வந்துசேரும் நேரத்தை அளந்தால் வெப்பநிலை கிடைத்துவிடும்.” கொழும்பில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் பலர் இந்த அளவில் நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. 1979இல் வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் என்னும் கடலியலாளர் இருவரும் முன்வைத்த இந்த முறையால் நம் தீவைச் சுற்றிய கடலில் அறியக்கூடியது ஏராளம்.

பாடநூல் எண்ணை அப்படியே எடுத்தாள்வதுதான் பெரிய தவறு. ஒரு பாகை செல்சியஸுக்கு ஒலிவேகம் செக்கனுக்கு 4.6 மீற்றர் கூடும் என்பது உறைநிலையை ஒட்டிய நீருக்கே பொருந்தும். நம் மேற்பரப்பு நீரின் 28 பாகையில் அது ஏறத்தாழ 2.2 மீற்றர்தான். அதே நீரில் கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு கூடினாலும் வேகம் ஏறக்குறைய 1 மீற்றர் உயரும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடலின் உவர்ப்பு மிகுந்த நீர் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. வடகீழ் பருவக்காற்றின்போது வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் மேற்கே வருகிறது. இரண்டுக்கும் இடையே 2 கிராம் உப்பு வேறுபட்டால், வெப்பநிலை மாறாமலே ஒரு பாகை மாறியதுபோல் கணக்குக் காட்டும். ஆகவே உவர்த்தன்மையையும் கூடவே அளந்தாக வேண்டும்.

வெப்பநிலை மட்டும் தெரிந்தால், நீரோட்டம் சுமந்து செல்லும் வெப்பம் தெரிந்துவிடாது. ஓட்டத்தின் வேகமும் வேண்டும். அதற்கு ஒலிப்பாதையின் இரு முனைகளிலும் கருவி வைத்து எதிரெதிரே ஒலி அனுப்புவார்கள். இரு பயண நேரங்களின் கூட்டுத்தொகை வெப்பநிலையையும், வேறுபாடு நீரோட்டத்தையும் சொல்லும். 300 கிலோமீற்றர் தூரத்தில், செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் ஓட்டம் தரும் வேறுபாடு சுமார் 27 மில்லிசெக்கன் மட்டுமே. கடிகாரம் பிசகினால் இந்த வேறுபாடு கெடும். நங்கூரமிட்ட கருவி இடம் நகர்ந்தால் கூட்டுத்தொகை கெடும். எந்தப் பிழை எதைக் கெடுக்கிறது என்று பிரித்தறியாதவர் தவறான இடத்தில் திருத்தம் செய்வார்.

கருவிகளை ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிறுத்துவதும் வீண்வேலை. ஒலிப்பாதையின் வழியே செல்லும் ஓட்டத்தை மட்டுமே இந்த முறை உணரும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஓடும் நீரை, நேர் வடக்கு தெற்கான ஒரு கோடு கண்டுகொள்ளாது. கோடு சாய்வாக இருக்க வேண்டும். மூன்று கருவிகளை முக்கோணமாக வைத்தால் இன்னும் நல்லது.

பலத்த ஒலியை நாமே எழுப்பியாக வேண்டும் என்பதும் இல்லை. 1991இல் இந்து சமுத்திரத்தின் தென்பகுதியிலுள்ள ஹேர்ட் தீவருகே எழுப்பிய ஒலி உலகின் பல கடல்களைக் கடந்து கேட்டது உண்மைதான். ஆனால் நீலத் திமிங்கிலங்கள் வாழும் நம் தென்கடலில் இரைச்சலைக் கூட்டத் தயங்கவே வேண்டும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சுமாத்திராவின் நியாஸ் தீவருகே நிகழும் நிலநடுக்கங்களின் ஒலியை, ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் அப்பால் இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள டியாகோ கார்சியா தீவில் கேட்டே கடல் சூடேறுவதை அளந்தது. இங்கும் கவனம் வேண்டும்: ஒரே இடத்தில், ஒரே விதமாக மீண்டும் நிகழ்ந்த நடுக்கங்களை மட்டுமே ஒப்பிடலாம். அவை நிகழ்ந்த நேரத்தை நிலத்திலுள்ள நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு, பாதை முழுவதும் 0.01 பாகை சூடேறினால் ஒலி முந்தி வருவது செக்கனில் நூறில் ஐந்தாறு பங்குதான்.